ஆத்தங்குடிக் கல்: கண்ணாடியின் மேல் வார்க்கப்படும் தரை

வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகப் பதிக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். எந்த அறைக்கு, எந்தக் கொத்தனாரை வைத்து, எவ்வளவு கால அவகாசத்தில் என்ற மூன்றையும் முடிவுசெய்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே இருக்கும் ஆத்தங்குடியில், அழுத்து இயந்திரமோ சூளையோ இல்லாமல், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கையால் வார்த்தெடுக்கப்படும் இந்தத் தரைக்கல்லை எங்கள் வீட்டுக் கூடத்திலும் முன்னறையிலும் பதித்து, சில ஆண்டுகள் புழங்கிய பிறகு எழுதும் மதிப்புரை இது. பழைய முறையை விடாமல் தொழில் நடத்துபவர்களைப் பற்றி எழுதும்போது நெகிழ்ந்து பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. பணம் கொடுத்து வாங்குபவருக்கு அந்த நெகிழ்ச்சியால் பயன் ஏதுமில்லை. பழைய முறையில் எந்தப் பகுதி கல்லின் தரத்துக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது, எந்தப் பகுதி மாற்றிக்கொள்ள மனமில்லாததால் நீடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான், எதற்குப் பொறுத்துப் போகலாம், எதற்குச் சண்டை போடலாம் என்பது விளங்கும்.

விற்பவர்களில் சிலர் இந்தக் கல்லுக்குப் பல நூற்றாண்டுப் பழமையைச் சொல்வதுண்டு. அது பொருந்தாது. இந்தக் கல்லின் உயிர் சிமெண்ட். போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். சிமெண்டில் வண்ணம் கலந்து பூவேலைத் தரைக்கல் செய்யும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, அங்கிருந்து உலகின் பல துறைமுக நகரங்களுக்குப் போனது. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலும் வணிகமும் செய்த நகரத்தார், ஈட்டிய செல்வத்தில் செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இழைத்த பெரிய வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீடுகளின் தேவையை ஒட்டியே ஆத்தங்குடிப் பட்டறைகளும் பெருகின. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதோடு அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோக, அப்படிப்பட்ட வீடுகள் எழும்புவதும் குறைந்தது. பிறகு மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, கடைசியாக விட்ரிஃபைடு டைல்ஸ் வந்தது. இத்தனைக்கும் இடையில் ஆத்தங்குடிக் கல் அற்றுப்போகாமல் இருந்து, பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களாலும் கட்டடக் கலைஞர்களாலும் விடுதி நடத்துபவர்களாலும் மறுபடியும் தேடப்படும் நிலைக்கு வந்திருக்கிறது. ஆக, நாம் பழையது என்று போற்றும் இந்த முறை, தோன்றிய காலத்தில் புத்தம்புதிய தொழில்நுட்பமாகத்தான் இருந்திருக்கும்.

பட்டறை என்றவுடன் பெரிய ஆலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ போட்ட ஒரு நீளக் கொட்டகை, ஓரத்தில் சில தண்ணீர்த் தொட்டிகள், சலித்துக் குவித்த மணல், சிமெண்ட் மூட்டைகள், வண்ணக் கலவை நிரப்பிய வாளிகள், சதுரமாக அறுத்த கண்ணாடித் துண்டுகள். ஏறத்தாழ இவ்வளவுதான் முதலீடு. மின்சாரம் போனால் விளக்கும் விசிறியும் நிற்குமே தவிர வேலை நிற்காது. நாங்கள் போயிருந்தபோது வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் மூத்தவர், கண்ணாடியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கோடு விழுந்திருச்சு தம்பி, இதுல வார்த்தா அந்தக் கோடு அப்படியே கல்லுல வந்துரும்" என்றார். இந்தக் கல்லின் மொத்த சூத்திரமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சிமெண்ட் இறுகும்போது எந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அந்தப் பரப்பின் தன்மையை அப்படியே வாங்கிக்கொள்ளும். கண்ணாடி வழவழப்பாக இருந்தால் கல்லும் வழவழப்பாக இருக்கும். இந்தக் கல்லின் பளபளப்பு தேய்த்து வருவதில்லை, சுட்டும் வருவதில்லை, மேலே எதையும் பூசியும் வருவதில்லை.

துடைத்த கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவில் தகடுகளால் அமைத்த அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்தில் இருக்கும் வண்ண சிமெண்டைச் சிறு கரண்டியால் மொண்டு, சிவப்பு போக வேண்டிய இடத்தில் சிவப்பையும் மஞ்சள் போக வேண்டிய இடத்தில் மஞ்சளையும் ஊற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகள். வெளிர் நிறம் வேண்டுமானால் சாம்பல் சிமெண்டுக்குப் பதிலாக வெள்ளை சிமெண்ட். எல்லா அறைகளும் நிரம்பியதும் சட்டத்தை லேசாகத் தட்டிக் கலவையைச் சமப்படுத்திவிட்டு, அச்சைச் செங்குத்தாகத் தூக்குகிறார்கள். அந்த ஒரு நொடியில் கை கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் இழுபட்டுப் பூவின் ஓரம் கலைந்துவிடும். தூக்கிய பிறகு தகடு இருந்த மெல்லிய இடைவெளியை இரு நிறங்களும் தாமாகவே நகர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. கலவை கெட்டியாக இருந்தால் இடைவெளி மூடாது, நீர்த்திருந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பதத்தை அளக்க அங்கே எந்தக் கருவியும் கிடையாது. கரண்டியிலிருந்து விழும் விதத்தைப் பார்த்தே தண்ணீர் சேர்க்கிறார்கள்.

அதற்கு மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவுகிறார்கள். வண்ணக் கலவையில் மிஞ்சியிருக்கும் நீரை அந்தப் பொடி உறிஞ்சிக்கொள்வதால் வண்ண அடுக்கு இறுகத் தொடங்குகிறது. பிறகு ஈரமான சிமெண்ட் மணல் கலவையை நிரப்பி, கரணையால் அமுக்கி, மட்டப்பலகையால் வழித்துவிட்டு, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்துக் கல்லை ஓரமாக வைக்கிறார்கள். இத்தனையும் பேசிக்கொண்டே செய்கிற வேகத்தில் நடந்து முடிகிறது. கவனிக்க வேண்டியது, கல் தலைகீழாகப் பிறக்கிறது என்பதுதான். நாம் நடக்கப்போகும் முகம் கீழே கண்ணாடியை ஒட்டியிருக்கிறது. வார்ப்பவருக்குத் தெரிவது முதுகு மட்டுமே. தான் வார்த்தது எப்படி அமைந்திருக்கிறது என்று கண்ணாடியை விட்டு எடுக்கும்வரை அவருக்கும் தெரியாது. சில வடிவங்களுக்கு அச்சே வைக்காமல், கரண்டியை வளைத்து ஊற்றியே அலையும் சுருளும் வரைகிறார்கள். அப்படிச் செய்த கற்களில் ஒன்று மற்றொன்றைப் போல இருக்காது. ஒரே மாதிரி வேண்டும் என்பவர்கள் அச்சில் வார்த்ததையே கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு நாள்போல உலர்ந்த கல்லைக் கண்ணாடியிலிருந்து பிரித்து, தொட்டித் தண்ணீரில் பல நாள் ஊறப் போடுகிறார்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்; உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. முதல் வாரத்தில் பெரும்பகுதி வலிமை வரும் என்றாலும், முழு வலிமைக்கு 28 நாள் கணக்கு வைப்பது கட்டுமானத் துறையின் பொது வழக்கம். தொட்டியில் கிடக்க வேண்டிய நாளைக் குறைத்துக் கொடுத்த கல், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் விளிம்பு உதிரும், எளிதில் தேயும், மூலை உடையும். எனவே, "கல்லு இன்னும் தொட்டியில கெடக்கு" என்று பட்டறைக்காரர் சொன்னால் அதற்குக் கோபப்படக் கூடாது. அவசரப்படுத்தி வாங்கினால் இழப்பு நமக்குத்தான்.

இயந்திரத்தில் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும், செய்கிறார்கள். மும்பையில் 1922இல் தொடங்கப்பட்ட பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனமும், மொராக்கோ, வியட்நாம் போன்ற நாடுகளின் பட்டறைகளும் இதே வகை வண்ண சிமெண்ட் கல்லை உலோக அச்சில் நிரப்பி, நீரழுத்த இயந்திரத்தால் அமுக்கி எடுக்கின்றன. அப்படி அமுக்கிய கல் நெருக்கமாக இருக்கும், கனம் சீராக இருக்கும், நாள் ஒன்றுக்குச் செய்யும் எண்ணிக்கையும் கூடும். ஆனால் அதன் முகம் மங்கலான மென்மையோடு இருக்குமே தவிர, கண்ணாடியின் பளபளப்பு அதற்கு வராது. அத்தனை அழுத்தத்தைக் கண்ணாடி தாங்காது என்பதால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும் வழியில்லை. ஆத்தங்குடிக்காரர்கள் இயந்திரத்தை வாங்காமல் இருப்பதற்கு இது நியாயமான காரணம். வாங்கினால் அவர்கள் செய்வது வேறு கல்லாகிவிடும்.

மறுபுறம், குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் விட்ரிஃபைடு டைல்ஸோடு இதை ஒப்பிடாமல் யாரும் வாங்கப்போவதில்லை. களிமண், ஃபெல்ஸ்பார் முதலியவற்றை அரைத்து, மிகுந்த அழுத்தத்தில் அமுக்கி, ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கும் அந்தக் கல் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். கறை பிடிக்காது, அமிலம் பட்டாலும் அசையாது, ஒரு பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரே அளவாக இருக்கும், கேட்ட மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும். ஆத்தங்குடிக் கல் இவற்றில் எதிலும் அதற்கு ஈடாகாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விட்ரிஃபைடு கல்லின் அழகு வாங்கிய அன்றோடு முடிந்தது. பெரும்பாலானவற்றில் வடிவம் என்பது மேற்பரப்பில் அச்சடித்த ஒரு மெல்லிய படலம்தான். அது கீறினால் கீறியதுதான், மங்கினால் மங்கியதுதான். ஆத்தங்குடிக் கல்லில் வண்ணம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பதால், மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் அடியில் அதே நிறம் இருக்கிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகும் ஏறுகிறது. எங்கள் கூடத்தில் சுவரோரம், மேசைக்கு அடியில் இருக்கும் கற்களைவிட ஆள் நடக்கும் வழியில் இருக்கும் கற்கள் இன்று கூடுதலாகப் பளபளக்கின்றன.

ஆத்தங்குடி மாடல் என்று சொல்லி விற்கப்படும் அச்சடித்த செராமிக் கற்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. மலிவாகக் கிடைக்கின்றன, குளியலறைக்கும் ஏற்றவை, தெரிந்து வாங்கினால் தவறில்லை. அசல் என்று சொல்லிக் கொடுத்தால் கல்லைத் திருப்பிப் பாருங்கள். முதுகு சொரசொரப்பான சிமெண்ட் மணலாக இருக்க வேண்டும். விளிம்பில் வண்ண அடுக்கு தனிக் கோடாகத் தெரிய வேண்டும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். நான்கு கற்களைச் சேர்த்து வைத்தால் பூக்கள் எங்காவது ஒரு மயிரிழை விலகத்தான் செய்யும். நான்கும் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தால் அது கரண்டியால் ஊற்றியது அல்ல.

குறை சொல்ல வேண்டிய இடம் பட்டறைக்கு வெளியே, கல்லாப் பெட்டிக்கு அருகே இருக்கிறது. நாங்கள் வாங்கிய பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை; அங்கே மட்டும் உள்ள குறையாகவும் இதை நான் கருதவில்லை. ஆர்டர் ஒரு கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதப்பட்டது. வடிவங்களுக்கு எண் கிடையாது, நிறங்களுக்குப் பட்டியல் கிடையாது. "பச்சை" என்று எழுதிக்கொண்டார்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்த மாதிரிகளிலேயே மூன்று விதப் பச்சை இருந்தது. அதில் எது என்று கேட்டதற்கு, "அண்ணே, நமக்குத் தெரியாதா, விடுங்க" என்ற பதிலோடு நோட்டு மூடப்பட்டது. வந்து சேர்ந்த கற்களில் கூடத்து பார்டர் நாங்கள் காட்டியதைவிட நன்றாகவே கறுத்திருந்தது. மாற்றிக் கேட்டால் மறுபடியும் தொட்டி, மறுபடியும் காத்திருப்பு என்பதால் அதையே பதித்துக்கொண்டோம். கேட்டுக்கொண்டே இருந்த பிறகுதான் பில் வந்தது. எப்போது கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம்" என்ற ஒரே விடை.

இதையும் பழைய முறையின் ஒரு பகுதியாக நினைத்துப் புன்னகைப்பவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. கரண்டியால் ஊற்றுவதற்கும் பென்சிலால் எழுதுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் எத்தனை பங்கு ஆக்சைடு, எத்தனை பங்கு சிமெண்ட் என்று எழுதி வைப்பதாலோ, ஒவ்வொரு வடிவத்தின் பின்னும் ஓர் எண் எழுதுவதாலோ, ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்புவதாலோ கல்லின் பளபளப்பு குறைந்துவிடாது. அதே ஊரில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து வெளிநாட்டுக்கும் கல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறையிலும் கண்ணாடியின் மேல்தான் வார்க்கிறார்கள். எனவே வாங்கப் போகிறவர்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். தேர்ந்தெடுத்த மாதிரிக் கல்லின் முதுகில் தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி, ஒன்றைப் பட்டறையில் விட்டு, ஒன்றை நீங்கள் எடுத்து வாருங்கள். நிறத்தைச் சொல்லால் ஒப்புக்கொள்ளாமல் கல்லால் ஒப்புக்கொள்வதே பாதுகாப்பு. மாதிரி காய்ந்திருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும். தொட்டியிலிருந்து எடுத்த ஈரக் கல் எல்லா நிறத்தையும் ஒரு படி கூட்டியே காட்டும்.

அவகாசம் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் காயாது. தை மாதம் புதுமனை புகுவிழா வைத்துக்கொண்டு தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் கொடுப்பவர்கள் பட்டறைக்காரரையும் தங்களையும் சேர்த்தே வதைத்துக்கொள்கிறார்கள். சுவர் எழும்பும்போதே, ஆடிக்கு முன்பாகவே சொல்லிவிடுவது நல்லது.

கனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 8 அங்குலச் சதுரக் கல், முக்கால் அங்குலக் கனத்தில், ஏறத்தாழ 1.8 கிலோ இருக்கும். 500 சதுர அடிக்கு 1,125 கற்கள் வேண்டும். அதாவது ஏறக்குறைய 2 டன். மாடி வீட்டுக்கு இதைச் சுமந்து ஏற்றும் கூலியும், வழியில் உடையும் கல்லுக்கான விலையும் சேர்ந்துதான் உண்மையான செலவு. கல்லைப் படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பவை உடையும் என்பதால், முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி, இடையில் வைக்கோல் திணித்து ஏற்றச் சொல்ல வேண்டும்.

இனி பதிக்கும் வேலை. பாதிப் பழுதுகள் இங்கேதான் நேர்கின்றன. பழி கல்லின் மேல் விழுகிறது. கையால் வார்த்த கல்லின் கனம் ஒன்றுக்கொன்று ஓரிரு மில்லிமீட்டர் மாறும். பசை தடவி ஒட்டிக்கொண்டே போகும் இன்றைய டைல்ஸ் வேலைக்காரருக்கு இது பிடிபடாது. தடிமனான கலவைப் படுக்கை போட்டு, நனைத்த கல்லை ஒவ்வொன்றாக அதன் மேல் இருத்தி, மரச் சுத்தியால் தட்டி, நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்துப் பதிக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். கற்களுக்கு இடையே சந்து விடாமல் நெருக்கிப் பதித்து, மயிரிழை போன்ற இணைப்பில் கல்லின் நிறத்துக்கு ஏற்ற சிமெண்ட் பாலை ஊற்றி உடனே துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்ட சிமெண்ட் பால் பூவின் மேல் இறுகிக்கொண்டால், அதைச் சுரண்டும்போது மெருகும் சேர்ந்தே போய்விடும். நல்ல கொத்தனார்கள் நெல் உமியைப் பரப்பித் தேய்த்தே சுத்தம் செய்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பதிக்கத் தெரிந்த ஆட்களைப் பட்டறையே அனுப்பி வைக்கும். கூலியும் தங்குமிடமும் கூடுதல்தான் என்றாலும், எங்கள் அனுபவத்தில் இந்தச் செலவுக்கு ஈடான பயன் வேறு எந்தச் செலவிலும் கிடைக்கவில்லை.

மொசைக் போட்டுப் பழகியவர்கள், எல்லாம் பதித்து முடித்த பிறகு பாலிஷ் மெஷின் ஓட்டிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. மொசைக்கின் மெருகு தேய்ப்பதால் வருவது. ஆத்தங்குடிக் கல்லின் மெருகு தேய்த்தால் போய்விடுவது. அதைவிடக் கேடு விளைவிப்பது ஆசிட் வாஷ். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை அமிலம் அரிக்கும். பளபளப்பு போய், கல் ஒரே துடைப்பில் வெளுத்துவிடும். இதே காரணத்தால் வண்ணப்பூச்சு, மரவேலை, மின்கம்பி வேலை எல்லாம் முடிந்த பிறகு தரை போடுவதே முறை. போட்ட தரையைச் செய்தித்தாள் விரித்துப் பாதுகாக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, ஈரம் பட்ட தாளின் மை சிமெண்டில் இறங்கும் என்று எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

பதித்த சில வாரங்களில் கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். பலர் பயந்துபோய்ப் பட்டறைக்குத் தொலைபேசியில் அழைப்பது இதற்காகத்தான். கல்லிலும் அடிக் கலவையிலும் இருக்கும் கரையும் உப்புகள் ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் ஆவியானதும் தங்கிவிடுகின்றன. வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் நாளடைவில் நின்றுவிடும். தரைக்கு அடியிலிருந்து ஓயாமல் ஈரம் ஏறும் வீடுகளில் மட்டும் இது நிற்காது. அங்கே கல்லை மாற்றுவதால் பயனில்லை, ஈரத்தைத் தடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கத்தைப் பற்றிப் பட்டறையில் எல்லோருமே சொல்வார்கள். துணியில் சில சொட்டுகள் விட்டு மெல்லியதாகத் தேய்த்தால் நிறம் ஆழமாகும், நுண்துளைகள் ஓரளவு அடைபடும். அளவு மிஞ்சினால் தூசி ஒட்டிக்கொண்டு தரை கறுக்கும், வயதானவர்கள் வழுக்கி விழும் அபாயமும் உண்டு. எங்கள் வீட்டில் முதல் சில மாதங்களுக்குப் பிறகு எண்ணெயை விட்டுவிட்டோம். தண்ணீரால் துடைப்பதே போதுமானதாக இருக்கிறது. கடையில் விற்கும் தரைக் கழுவிகளில் அமிலம் சேர்ந்தவை இருப்பதால், பாட்டிலின் பின்புறம் படித்துப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. புளித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, தயிர், மஞ்சள், குங்குமம், வெற்றிலைச் சாறு ஆகிய நம் வீட்டுப் புழக்கப் பொருள்கள் எல்லாமே இந்தக் கல்லுக்கு ஆகாதவை. முக்கியமாக, விசேஷ நாள்களில் எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கிக் குங்குமம் தடவி வாசற்படியில் வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதற்கடியில் ஒரு வாழை இலைத் துண்டையாவது வைக்க வேண்டும். எங்கள் உறவினர் வீட்டு முகப்பில் அரை வட்டமாக வெளுத்த இரண்டு தடங்கள் நிலைப்படியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றன; எந்தத் தேய்ப்புக்கும் அவை போகவில்லை.

இதிலிருந்தே எந்த அறைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பது விளங்கும். கூடம், முன்னறை, படுக்கையறை, பூசையறை, கூரையுள்ள திண்ணை ஆகியவற்றுக்கு ஏற்றது. சமையலறைத் தரைக்கு வேண்டாம். எண்ணெயும் புளியும் சிந்தாத சமையலறை நம் வீடுகளில் இல்லை. குளியலறைக்கும் மொட்டை மாடிக்கும் வேண்டவே வேண்டாம். மழை படும் முற்றத்தில் போட்டால் பாசி பிடித்து வழுக்கும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலும் வளவின் திறந்த முற்றத்தில் கருங்கல்லைப் பாவிவிட்டு, அதைச் சுற்றிய தாழ்வாரங்களுக்கும் உள் அறைகளுக்கும் பூக்கல் பதித்திருப்பதைப் பார்க்கலாம். கோடையில் வெறுங்காலோடு நடக்கத் தரை இதமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அறையையே குளிர்விக்கும் என்று விளம்பரங்களில் சொல்லப்படும் பேச்சுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். கூரை கொதித்தால் எந்தத் தரை போட்டாலும் அறை கொதிக்கத்தான் செய்யும்.

விலை வடிவத்தைப் பொறுத்தது. ஒற்றை நிறக் கல் மலிவு. நிறங்களும் அச்சின் அறைகளும் கூடக் கூட விலை ஏறும், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு கைவேலைக்கானது. செலவைக் கட்டுக்குள் வைக்க விரும்புவோர், அறையின் நடுவே ஒரு கம்பளம் விரித்த அளவுக்குப் பூக்கல்லும், சுற்றிலும் ஒரு வரி பார்டரும், மீதிக்கு ஒற்றை நிறக் கல்லும் பதிக்கலாம். பார்வைக்கும் அது அமைதியாக இருக்கும். பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் மிகவும் அடித்துப் பேசினால் குறைவது பட்டறைக்காரரின் லாபமாக இருக்காது. சிமெண்டின் பங்கும் தொட்டியில் கிடக்கும் நாளும்தான் குறையும். நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்து, சிமெண்ட் ஈரத்தில் கை நனைத்துச் செய்யும் இந்த வேலைக்கு இளையவர்கள் வரத் தயங்குவதாகப் பட்டறையில் குறைப்பட்டுக்கொண்டார்கள். கையுறையும் இடுப்பு உயரத்தில் ஒரு மேசையும் கொடுத்தால் கல்லுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது என்றே எனக்குப் பட்டது. கரண்டி பிடிக்கும் கை தரையில் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.

கடைசியாக, அறைக்குத் தேவையான எண்ணிக்கைக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைசலுக்கும் மூலை வெட்டுக்கும் போக மிஞ்சுவதைத் தூக்கிப் போட வேண்டாம். பிற்பாடு எங்கேனும் குழாய் பழுதாகித் தரையைத் தோண்ட நேர்ந்தால், அதே பட்டறைக்கு அதே மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதே நிறம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைக் கலந்தவரின் கை அன்றைக்கு எப்படி இருந்ததோ, அப்படியேதான் அந்த நிறம். மிஞ்சிய கற்களை மழை படாத இடத்தில், சுவரில் சாய்த்து நிறுத்தியே வைக்க வேண்டும்.